மலேரியா கிட்டை மதிப்பிடுவது எப்படி: விரல் குத்துவதிலிருந்து கடைசி அட்டவணை வரை

மலேரியா துரிதப் பரிசோதனைக் கிட்டை மதிப்பிட வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கிட்டை ஒழுங்காகப் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிடும், மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ரத்த ஸ்லைடில் கோட்டைவிடுவார்கள்.

ஒரு மாணவி கொண்டுவந்த அட்டவணையில் கிட்டின் உணர்திறன் (நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன்) 70 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. கிட் சரியில்லை என்று அறிக்கை எழுதவே உட்கார்ந்துவிட்டார். ஸ்லைடுகளை வாங்கி லென்ஸுக்கடியில் வைத்துப் பார்த்தால், 'பாசிட்டிவ்' என்று குறித்திருந்த பலவற்றில் இருந்தது சாயக் கசடும் பிளேட்லெட்டும்தான். இல்லாத ஒட்டுண்ணியைக் கிட் எப்படிக் காட்டும்? ஸ்லைடு வாசித்தவரின் பிழை முழுவதும் கிட்டின் தலையில் விழுந்திருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காய்ச்சல் முகாமிலோ ஒரு கிட்டைக் கள அளவில் மதிப்பிடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பின்னால் வரும் பிழைகள் பலவும் முன்படியைத் தாண்டிக் குதித்ததால் வருபவை.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'இந்தக் கிட் நல்லதா?' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஆய்வை வடிவமைக்க முடியாது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அளவு தெரிந்த ஒட்டுண்ணி கலந்த ரத்தத்தை ஆய்வகத்தில் கொடுத்தால் பிடிக்கிறதா? காய்ச்சலோடு வருகிறவர்களிடம், நல்ல மைக்ராஸ்கோப் வாசிப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு ஒத்துப்போகிறது? ஆஷா பணியாளர் அல்லது கிராம சுகாதார செவிலியர் தன் கையால் போட்டால் என்ன ஆகிறது? மூன்றுக்கும் ஆட்களும் அளவும் செலவும் வேறு வேறு. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. மூன்றாவதைக் கடைசிக்கு முந்தின படியில் தொடுகிறேன்.

கேள்வியில் ஒட்டுண்ணி இனத்தையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள். மலேரியா ஒட்டுண்ணியில் இங்கே முக்கியமான இனங்கள் இரண்டு: பைவேக்ஸ், ஃபால்சிபேரம். சென்னையில் நீண்ட காலமாகப் பெரும்பான்மை பைவேக்ஸ். ஒடிசாவின் கோராபுட் மலைப்பகுதியில் ஃபால்சிபேரம். கோராபுட்டில் தேறிய கிட் சென்னையிலும் தேறும் என்று எண்ணக் கூடாது. கிட் தன் முடிவைப் பட்டையில் விழும் கோடாகக் காட்டும்; ஒவ்வோர் இனத்துக்கும் வேலை செய்யும் கோடே வேறு.

2. கிட் எந்தப் புரதத்தைத் தேடுகிறது என்று பாருங்கள்

பெட்டியின் முன்பக்கம் விளம்பரம். விஷயம் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. எச்ஆர்பி2, பிஎல்டிஎச், ஆல்டோலேஸ் என்ற மூன்றில் எது, எந்தக் கோட்டில் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்ஆர்பி2 ஃபால்சிபேரத்தில் மட்டுமே இருக்கும். ஒட்டுண்ணி செத்த பிறகும் அந்தப் புரதம் ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். போன மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவருக்கு இன்று வைரல் காய்ச்சல் வந்தாலும் கோடு விழலாம். பிஎல்டிஎச் உயிருள்ள ஒட்டுண்ணியிலிருந்து வருவது. சிகிச்சைக்குப் பின் சில நாட்களில் மறைந்துவிடும். இது எல்லா இனத்துக்கும் பொதுவான வடிவிலும் வரும், பைவேக்ஸுக்கு மட்டுமான வடிவிலும் வரும். ஆல்டோலேஸ் எல்லா இனத்துக்கும் பொது.

இந்தியாவின் தேசியத் திட்டத்தில் 2013 முதல் வந்தது இரட்டைக் கிட்: ஃபால்சிபேரத்துக்கு ஒரு கோடு, பைவேக்ஸுக்கு ஒரு கோடு. இதில் இரண்டும் விழுந்தால் கலப்புத் தொற்று என்று வாசிக்கலாம். இரண்டாம் கோடு பொதுவான பிஎல்டிஎச் என்றால் அப்படி வாசிக்கக் கூடாது. ஃபால்சிபேரம் தனியாக இருந்தாலே இரண்டும் விழும். இந்த வித்தியாசம் தெரியாமல் 'கலப்புத் தொற்று 30 பேர்' என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008 முதல் 2018 வரை எட்டுச் சுற்றுகளாகக் கிட்டுகளைச் சோதித்தது. தேர்வு அளவுகோல் இது: மைக்ரோலிட்டருக்கு 200 ஒட்டுண்ணி உள்ள மாதிரிகளில் கண்டறிதல் மதிப்பெண் குறைந்தது 75, தவறான பாசிட்டிவ் 10 சதவீதத்துக்குக் கீழ், செல்லாத கிட் 5 சதவீதத்துக்குக் கீழ். அந்த 75ஐ உணர்திறன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மாதிரியில், இரண்டு லாட்டிலிருந்தும் (தயாரிப்புத் தொகுதியிலிருந்தும்) எடுத்த கிட்டுகள் அத்தனையும் பாசிட்டிவ் காட்டினால்தான் அந்த மாதிரிக்கு மதிப்பெண் கிடைக்கும். ஒன்று தவறினாலும் பூஜ்யம். உங்கள் கள உணர்திறனோடு அதை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது.

3. எத்தனை பேர் வேண்டும்

இதைக் கணக்கிடாமல் 'நூறு பேர் எடுக்கலாம்' என்று தொடங்குகிறவர்கள் அதிகம். அந்த நூறில் ஆறு பேருக்குத்தான் மலேரியா இருக்கும். ஆறு பேரை வைத்து எந்தக் கிட்டைப் பற்றியும் பேச முடியாது.

உணர்திறனுக்குத் தேவையான எண்ணிக்கை நோய் உள்ளவர்களின் எண்ணிக்கை, வந்தவர்களின் மொத்தமல்ல. சூத்திரம் எளிது: 1.96இன் வர்க்கத்தை, எதிர்பார்க்கும் உணர்திறனாலும் ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியாலும் பெருக்கி, ஏற்றுக்கொள்ளும் பிழையின் வர்க்கத்தால் வகுக்கவும். 95 சதவீதம் எதிர்பார்த்து, கூடக் குறைய 5 சதவீதம் பிழை பரவாயில்லை என்றால் 73 வரும். உடைந்த ஸ்லைடு, செல்லாத கிட் எல்லாம் சேர்த்து 80 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையத்தில் காய்ச்சலோடு வருகிறவர்களில் 10 சதவீதத்துக்கு மலேரியா என்றால் 800 பேரைச் சேர்க்க வேண்டும். 1 சதவீதம் என்றால் 8,000. இங்கேதான் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இந்த ஆய்வு நடக்காமல் போகிறது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அங்கே உள்ளூர் நோயாளிகளை வைத்து உணர்திறன் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிப்பட்ட இடங்களில் நோய் மிகுந்த மாவட்டத்துக்குப் போங்கள், அல்லது சேமித்த மாதிரிகளை வைத்து ஆய்வக அளவில் செய்யுங்கள். எண்ணிக்கை சேரவில்லை என்று வருடக்கணக்கில் இழுத்தால் நடுவில் கிட்டின் லாட் மாறிவிடும், ஸ்லைடு வாசிப்பவரும் மாறிவிடுவார்.

4. யாரைச் சேர்ப்பது

காய்ச்சலோடு, அல்லது இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இருந்ததாகச் சொல்லி வருகிற எல்லோரையும் வந்த வரிசையிலேயே சேர்க்க வேண்டும். 'இவரைப் பார்த்தால் மலேரியா போல இருக்கிறது' என்று பொறுக்கினால் கிட் பிரமாதமாகத் தேறிவிடும். நடுங்கிக்கொண்டு வருகிறவர் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைய இருக்கும். அதை எந்தக் கிட்டும் பிடிக்கும். லேசான காய்ச்சலோடு வரும் பையன்தான் உண்மையான பரீட்சை.

இதன் இன்னொரு வடிவம், ஆய்வகத்தில் பாசிட்டிவ் என்று தெரிந்த 50 பேரையும் காய்ச்சலே இல்லாத ஆரோக்கியமான 50 பேரையும் எடுப்பது. சுலபம்தான். ஆனால் கிட் போடப்போவது டைஃபாய்டு, டெங்கு, சளிக்காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு. அவர்களில் எத்தனை பேருக்குத் தவறாகக் கோடு விழும் என்பதை இந்த ஆய்வு சொல்லாது.

நான்கு வாரத்துக்குள் மலேரியா மாத்திரை சாப்பிட்டவரை ஒதுக்காதீர்கள். பதிவேட்டில் தனிக்கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எச்ஆர்பி2 கிட்டில் வரும் தவறான பாசிட்டிவுகளுக்கு அந்தக் கட்டமே விளக்கம் தரும். 'மாத்திரை சாப்பிட்டீர்களா?' என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள். மாத்திரை அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

5. அனுமதியும் சிகிச்சை விதியும்

நீதிநெறிக் குழுவின் ஒப்புதல், மாவட்ட அதிகாரியின் அனுமதி, நோயாளியின் மொழியில் ஒப்புதல் படிவம், குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. இவை எல்லோருக்கும் தெரியும்.

எழுத மறப்பது சிகிச்சை விதியை. மதிப்பீட்டில் இருக்கும் கிட்டை வைத்து மருந்து கொடுக்கவோ மறுக்கவோ கூடாது. வழக்கமாக அந்த நிலையத்தில் நடக்கும் பரிசோதனை அன்றைக்கே நடந்து, அதன்படி சிகிச்சை போக வேண்டும். உங்கள் நிபுணர் மூன்று வாரம் கழித்து வாசித்த ஸ்லைடில் ஃபால்சிபேரம் இருந்தால், அவரைத் தேடிப்போய்ப் பார்க்க வழி இருக்க வேண்டும். அதற்குத்தான் முகவரியும் போன் எண்ணும். அவற்றை ஆய்வு எண்ணோடு சேர்க்காமல் தனிப் பதிவேட்டில் பூட்டி வையுங்கள்.

6. பொருட்களை முதல் நோயாளிக்கு முன்பே அடுக்குங்கள்

கிட்டுகள் குறைந்தது இரண்டு லாட்டிலிருந்து வேண்டும். ஒரே லாட்டில் செய்தால் நீங்கள் மதிப்பிட்டது அந்த லாட்டைத்தான்.

கிட் இருக்கும் அறையில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் வைத்து நாளுக்கு இரண்டு முறை எழுதுங்கள். பெரும்பாலான கிட்டுகளில் 30 அல்லது 40 டிகிரி வரை என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் மருந்து அறையும், வெயிலில் நிறுத்திய ஜீப்பின் பின்பக்கமும் அதை எளிதில் தாண்டிவிடும். வெப்பத்தில் கெட்ட கிட் பார்க்க நல்ல கிட் மாதிரியேதான் இருக்கும். கிட் ஓடியது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடுகூட விழும். ஒட்டுண்ணியைக் காட்டும் சோதனைக் கோடு மட்டும் மங்கும். பதிவு இல்லாவிட்டால் பின்னால் அந்த நெகட்டிவுக்குக் காரணம் கிட்டா ஜீப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

மற்றவை: லான்செட், ஸ்பிரிட் பஞ்சு, உலர்ந்த பஞ்சு, கொழுப்பில்லாமல் கழுவிய ஸ்லைடு, ரத்தத் துளியைக் காயவைத்துச் சேமிக்க வடிதாள், சிலிக்கா ஜெல் பொட்டலம், ஜிப் கவர், ஊசி போடும் டப்பா, அலாரம் அடிக்கும் டைமர் இரண்டு, ஸ்லைடில் எழுதப் பென்சில். மார்க்கரில் எழுதினால் மெத்தனாலில் எண் கரைந்துவிடும்.

எண்களை முன்கூட்டியே அச்சடித்த ஸ்டிக்கராக எடுத்து வாருங்கள். ஒரு நோயாளிக்கு ஒரே எண்ணில் ஐந்து ஸ்டிக்கர்: படிவம், கிட், இரண்டு ஸ்லைடு, வடிதாள். கூட்டம் சேரும் திங்கட்கிழமை காலையில் கையால் எழுதினால் 117ம் 171ம் இடம் மாறும்.

7. ஒரே குத்து, ஒரே வரிசை

இடது கையின் நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் துளியாக நிற்காமல் பரவும். முதல் துளியை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

பிறகு வரிசை: முதலில் கிட்டுக்கு, அடுத்து இரண்டு ஸ்லைடுகள், கடைசியில் வடிதாள். கிட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் 5 மைக்ரோலிட்டர்தான்; அளவு பிசகக் கூடாது என்பதால் ரத்தம் தாராளமாக வரும்போதே எடுக்க வேண்டும். வடிதாள் கொஞ்சம் உறையத் தொடங்கிய ரத்தத்தையும் பொறுத்துக்கொள்ளும். விரலைப் பிழிந்து எடுக்காதீர்கள். திசுநீர் கலந்து ஒட்டுண்ணி எண்ணிக்கை குறைந்துபோகும்.

எல்லாம் ஒரே குத்திலிருந்து வர வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் கிட், மாலையில் ஸ்லைடு என்று பிரித்தால் நடுவில் அவர் மாத்திரை போட்டிருக்கலாம். ஃபால்சிபேரத்தின் முதிர்ந்த பருவங்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்வதால், விரல் ரத்தத்தில் எண்ணிக்கை சில மணி நேரத்திலேயே மாறும். அந்த வித்தியாசமும் கிட்டின் கணக்கில்தான் ஏறும்.

8. கிட்டைப் போடுவதும் வாசிப்பதும்

விரல் குத்தத் தயாரான பிறகே பொட்டலத்தைக் கிழியுங்கள். ஈரப்பதம் சில நிமிடங்களிலேயே பட்டையைப் பாதிக்கும். காலையிலேயே முப்பது பொட்டலத்தைக் கிழித்து மேசையில் அடுக்கி வைத்த சுறுசுறுப்பான டெக்னீஷியன் ஒருவரைப் பார்த்தேன். முப்பதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ரத்தக் குழிக்கும் பஃபர் (கிட்டோடு வரும் கரைசல்) குழிக்கும் வித்தியாசம் பாருங்கள். மாற்றி ஊற்றுவதுதான் முதல் வாரத்தில் நடக்கும் பிழைகளில் முக்கால்வாசி. பஃபர் புட்டியை நேர்செங்குத்தாகப் பிடித்தால்தான் துளி சம அளவில் விழும். பஃபர் தீர்ந்துபோனால் வேறு கிட்டின் பஃபரையோ சலைனையோ தண்ணீரையோ ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் ஒட்டுண்ணி இல்லாத ரத்தத்திலும் கோடு விழும்.

டைமர் அடித்தபின் கையேட்டில் சொன்ன நேரத்துக்குள் வாசியுங்கள். பல கிட்டுகளில் 15 முதல் 20 நிமிடம். சீக்கிரம் வாசித்தால் மங்கலான பாசிட்டிவைத் தவறவிடுவீர்கள். தாமதமாக வாசித்தால் பட்டை காயும்போது இல்லாத கோடு தெரியும். மதிய உணவுக்குப் பின் ஒட்டுமொத்தமாக வாசிக்கும் பழக்கம் உள்ள இடத்தில் இந்த ஆய்வைச் செய்யாதீர்கள்.

எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ். 'சந்தேகம்' என்று மூன்றாவது கட்டம் வைக்காதீர்கள். வைத்தால் கஷ்டமானது எல்லாம் அதில் போய் விழும். கட்டுப்பாட்டுக் கோடு விழாவிட்டால் 'செல்லாதது' என்று எழுதி, இன்னொரு கிட் போட்டு, இரண்டையும் பதியுங்கள். செல்லாததைக் குப்பையில் போட்டுவிட்டு எதுவும் நடக்காதது போல எழுதினால் கிட்டின் முக்கியமான குறையை நீங்களே மறைத்தவர் ஆவீர்கள்.

இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் வாசிக்க வேண்டும். அதே நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். மறுநாள் அந்தக் கிட் வேறு கதை சொல்லும்.

9. ஸ்லைடு

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு ஸ்லைடில் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும். தடித்ததில் ஒட்டுண்ணி இருக்கிறதா, எத்தனை என்று பார்க்கிறோம். மெல்லியதில் எந்த இனம் என்று. தடித்த பூச்சு காய்வதற்கு முன் ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் வைத்தால் அடியில் எழுத்து தட்டுத்தடுமாறித் தெரிய வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் மெலிது, தெரியவே இல்லை என்றால் சாயம் போடும்போது உரிந்து போகும்.

மெல்லிய பூச்சை மட்டும் மெத்தனாலில் பதப்படுத்துங்கள். மெத்தனால் தடித்த பூச்சின் மேல் வழிந்தால், ஏன் அதன் ஆவி பட்டாலே போதும், சிவப்பணுக்கள் உடையாமல் நின்று ஒட்டுண்ணியை மறைக்கும். இது புதியவர்களுக்குக் கண்ணில் படாத பிழை. ஸ்லைடு அழகாகவே இருக்கும். உள்ளே எதுவும் தெரியாது.

சுகாதார நிலையங்களில் ஜேஎஸ்பி சாயம் புழக்கத்தில் உண்டு, அவசர வேலைக்குச் சரி. மதிப்பீட்டுக்கு ஜீம்சா சாயமே போடுங்கள்: 3 சதவீதக் கரைசலில் 30 முதல் 45 நிமிடம். பிஎச் 7.2 உள்ள பஃபர் நீரில் கரையுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் பைவேக்ஸ் தொற்றிய அணுக்களில் தெரிய வேண்டிய ஷஃப்னர் புள்ளிகள் தெரியாமல் போகும். இனம் மாறிப் பதிவாகும். அன்றன்றைக்குக் கரைத்து, வடிகட்டிப் போடுங்கள். மாணவியை ஏமாற்றிய கசடு, முந்தின நாள் மிச்சக் கரைசலில் இருந்து வந்தது.

எண்ணும் முறை: தடித்த பூச்சில் வெள்ளணுக்கள் 200 வரும்வரை ஒட்டுண்ணியை எண்ணுங்கள். ஒட்டுண்ணி நூறைத் தொடாவிட்டால் 500 வெள்ளணு வரை போங்கள். மைக்ரோலிட்டருக்கு 8,000 வெள்ளணு என்று வைத்துப் பெருக்க வேண்டும். 200 வெள்ளணுவுக்கு 400 ஒட்டுண்ணி என்றால் 16,000. 500 வெள்ளணுவுக்கு 3 என்றால் 48. நெகட்டிவ் என்று சொல்லும் முன் குறைந்தது 100 புலங்களையாவது (லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) எண்ணெய் லென்ஸில் பாருங்கள். ஆய்வு என்பதால் நான் 200 பார்க்கச் சொல்வேன்.

எதற்கு எண்ண வேண்டும், பாசிட்டிவ் நெகட்டிவ் போதாதா என்று எப்போதும் கேட்பார்கள். எண்ணாவிட்டால், கிட் தவறவிட்டது 48 உள்ளதையா 16,000 உள்ளதையா என்று தெரியாது. முதலாவது எதிர்பார்க்கக்கூடியது. இரண்டாவது ஆபத்து.

ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும். பாசிட்டிவா இல்லையா, எந்த இனம் என்பதில் முரண்பட்டாலோ எண்ணிக்கை 25 சதவீதத்துக்கு மேல் விலகினாலோ மூன்றாமவர். மூவருக்கும் கிட்டின் முடிவு தெரியவே கூடாது. ஸ்லைடோடு படிவத்தையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு அனுப்பினால் மறைப்பு அங்கேயே உடைந்தது. கிட் பாசிட்டிவ் என்று தெரிந்தவர் ஒட்டுண்ணியைத் தேடிக்கொண்டே இருப்பார்; நெகட்டிவ் என்று தெரிந்தவர் ஐம்பது புலத்தில் எழுந்துவிடுவார்.

ஆய்வு தொடங்கும் முன், முடிவு உறுதியான முப்பது ஸ்லைடுகளை வாசகர்களிடம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கொஞ்சம் மனவருத்தம் வரும். பின்னால் வருவதைவிட இது சின்னது.

10. வடிதாளும் பிசிஆரும்

வடிதாளில் பதிந்த துளியை நிழலில் முழுதும் காய வைத்து, தனித்தனி கவரில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒருவர் ரத்தம் இன்னொருவர் தாளில் ஒட்டும்.

ஒட்டுண்ணியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் பிசிஆரையே ஒப்பீட்டுத் தரமாக வைக்கலாமே என்றால், வைக்கலாம்; அதன் பொருளைத் தெரிந்து வையுங்கள். மைக்ரோலிட்டருக்கு ஓரிரு ஒட்டுண்ணி இருந்தாலும் பிசிஆர் பிடிக்கும். நல்ல நிபுணரின் கண்ணுக்கு ஐந்து பத்தாவது வேண்டும்; கிட்டுக்கு நூற்றுக்கு அருகில். பிசிஆரை எதிரே நிறுத்தினால் எந்தக் கிட்டும் மோசமாகத்தான் தெரியும். காய்ச்சலுக்குக் காரணமே இல்லாத மிகக் குறைந்த தொற்றையும் அது எண்ணிவிடும். ஸ்லைடை முதன்மை ஒப்பீடாகவும் பிசிஆரைத் துணையாகவும் வைப்பதே என் வழக்கம். இனத்தைத் தீர்மானிப்பதில் பிசிஆரின் சொல்லை எடுத்துக்கொள்வேன்.

தாளைப் பத்திரப்படுத்த இன்னொரு காரணம் உண்டு. எச்ஆர்பி2 மரபணுவே இல்லாத ஃபால்சிபேரம் இருக்கிறது. பெருவின் அமேசான் பகுதியில் 2010இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் எரித்ரியாவில் அதிகமாகக் காணப்பட்டு, அந்த நாடு கிட்டையே மாற்ற வேண்டியிருந்தது. இந்தியாவிலும் சில மாநிலங்களில் குறைந்த அளவில் பதிவாகியிருக்கிறது. ஸ்லைடில் ஃபால்சிபேரம் ஏராளம், கிட்டில் கோடே இல்லை என்றால் அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

11. முரண்பட்டவற்றை என்ன செய்வது

கிட் ஒன்று, ஸ்லைடு ஒன்று சொல்கிறது. உடனே அந்த ஸ்லைடுகளை மட்டும் எடுத்து மறுபடி வாசிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். முரண்பட்டதை மட்டும் திருத்தினால், மாறும் ஒவ்வொரு முடிவும் கிட்டின் பக்கமே சாயும். இரண்டும் சேர்ந்து தவறிய இடங்கள் திருத்தப்படாமலே இருக்கும். அந்த மாணவியின் விஷயத்தில்கூட எல்லா ஸ்லைடுகளையும், சரியாக ஒத்துப்போனவை உட்பட, எண்ணை மறைத்துப் புது வாசகர்களிடம் கொடுத்தோம். கூடுதலாக ஒரு மாதம் ஆனது.

அட்டவணையை மாற்றாமல் காரணத்தை மட்டும் தேடலாம். கிட் பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ் என்றால் முதலில் மாத்திரைக் கட்டத்தைப் பாருங்கள். அடுத்து பிசிஆரில் குறைந்த தொற்று இருக்கிறதா என்று. ரத்தத்தில் முடக்குவாதக் காரணி என்ற எதிர்ப்புரதம் உள்ளவர்களுக்கும் தவறாகக் கோடு விழுவதுண்டு.

கிட் நெகட்டிவ், ஸ்லைடு பாசிட்டிவ் என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைவு என்றால் விளக்கம் அதுவே. அதிகம் என்றால் வெப்பப் பதிவேடு, லாட் எண், மரபணு நீக்கம் என்று வரிசையாகப் போங்கள். மிக மிக அதிகம் என்றால் புரொஜோன்: புரதம் அளவுக்கு மீறி இருப்பதால் கோடு உருவாகாமல் போவது. எச்ஆர்பி2 கிட்டில் இது உண்டு. ரத்தத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்த்துப் போட்டால் கோடு திரும்பிவரும். இது தனிச் சோதனை, அட்டவணைக்குள் நுழையாது.

12. கணக்கு

எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 800 பேர், ஸ்லைடில் 80 பேர் பாசிட்டிவ், 720 பேர் நெகட்டிவ். அந்த 80இல் கிட் பிடித்தது 74. அந்த 720இல் கிட் சரியாக நெகட்டிவ் சொன்னது 706, தவறாகப் பாசிட்டிவ் சொன்னது 14.

உணர்திறன், அதாவது நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன், 74/80 = 92.5 சதவீதம். தனித்தன்மை, நோய் இல்லாதவரை இல்லை என்று விடும் திறன், 706/720 = 98.1 சதவீதம்.

'மொத்தத்தில் 97.5 சதவீதம் சரி' என்று எழுத ஆசை வரும். எல்லோருக்கும் நெகட்டிவ் என்று காட்டும் வெறும் அட்டைகூட இங்கே 90 சதவீதம் சரியாக இருக்கும். அந்த எண்ணை எழுதாதீர்கள்.

நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, இல்லாமல் சதவீதம் எழுதக் கூடாது. 74/80க்கு வில்சன் முறையில் 84.6 முதல் 96.5 வரை வரும். 95 சதவீத உணர்திறன் என்று உறுதி சொல்லும் கிட்டை இந்த ஆய்வு பொய்யாக்கிவிட்டது என்று சொல்ல முடியாது, மெய்ப்பித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

பிறகு எண்ணிக்கைவாரியாகப் பிரியுங்கள். மைக்ரோலிட்டருக்கு 200 ஒட்டுண்ணிக்கு மேல் இருந்த 66 பேரில் கிட் பிடித்தது 65, கீழே இருந்த 14 பேரில் 9 என்று வந்தால், உணர்திறன் 98.5 சதவீதம், 64.3 சதவீதம். ஒற்றைச் சதவீதத்துக்குள் இரண்டு வேறு கிட்டுகள் ஒளிந்திருந்தது இப்போது தெரியும். பைவேக்ஸையும் ஃபால்சிபேரத்தையும் இதே போலத் தனித்தனியாகக் காட்டுங்கள். சேர்த்துக் காட்டும் அறிக்கையில் பைவேக்ஸ் கோட்டின் பலவீனம் காணாமல் போகும்.

பாசிட்டிவ் வந்தவரில் உண்மையில் நோய் உள்ளவர் 74/88, 84 சதவீதம். இந்த எண்ணை ஊருக்கு ஊர் எடுத்துச் செல்ல முடியாது. இதே கிட்டை 1 சதவீதம் மட்டுமே மலேரியா உள்ள ஊரில் 10,000 பேருக்குப் போட்டால், 100 பேரில் சுமார் 93 பேரைப் பிடிக்கும். மீதி 9,900 பேரில் சுமார் 193 பேருக்குத் தவறாகக் கோடு விழும். பாசிட்டிவ் வந்த மூவரில் ஒருவருக்குத்தான் மலேரியா. மலேரியா குறைந்துவரும் மாவட்ட அதிகாரிக்கு அறிக்கையில் உண்மையில் பயன்படும் பத்தி இதுதான்.

13. கடைசியில் போடப்போகிறவரிடம் கொடுத்துப் பாருங்கள்

இதுவரை வந்த எண் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் கையில் வந்தது. ஊரில் போடப்போவது ஆஷா பணியாளர். பத்துப் பேரிடம் கிட்டையும் கையேட்டையும் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல், போடச் சொல்லி ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிழையைத் திருத்த வாய் திறக்காதீர்கள். எந்தப் படியில் கை தயங்குகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.

பெரும்பாலும் மூன்று இடங்களில் தயங்கும்: 5 மைக்ரோலிட்டர் எடுக்கும் குழாய், எத்தனை துளி பஃபர், மங்கலான கோடு. கண்ணாடி போட வேண்டிய வயதில் இருக்கும் அக்காக்களுக்கு மங்கல் கோடு தெரியவே தெரியாது. கிட்டின் குறையா என்றால் இல்லை. ஆனால் கிட் வாங்கும் முடிவில் இதுவும் ஒரு எண்தான்.

14. அறிக்கை

பரிசோதனைத் துல்லிய ஆய்வுகளின் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்ட் (STARD) 2015 பட்டியலில் 30 அம்சங்கள் இருக்கின்றன. எழுதி முடித்த பிறகு அதைத் தேடாதீர்கள். முதல் படிக்கு முன்பே அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை கிட் செல்லாதது, எத்தனை ஸ்லைடு உடைந்தது என்ற படம் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். கிட்டின் லாட் எண், காலாவதித் தேதி, வெப்பப் பதிவின் உச்சம், வாசித்த நிமிடம் நான்கும் இருக்கிறதா பாருங்கள். கிட் இலவசமாக வந்தது என்றால் யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஸ்லைடுகளை எண்ணெய் துடைத்துப் பெட்டியில் எண் வரிசையில் வையுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு கிட்டைப் பிரிக்காமல் ஒதுக்குங்கள். அவற்றோடு பெட்டிக்குள் இருந்த மடித்த தாளையும் அதே கவரில் போட்டு மூடுங்கள். தயாரிப்பாளர் அடுத்த பதிப்பில் வாசிக்கும் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 20க்கு மாற்றிவிட்டால், நீங்கள் எந்தக் கையேட்டின்படி வாசித்தீர்கள் என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.